ரத்தத்தில் ஒரு அரிவாள்!

நீலகிரி மலைவாசிகளின் உடம்பில் ஒளிந்திருந்த ரகசியம்

மேட்டுப்பாளையத்தில் மலை ரெயில் ஏறுகிறீர்கள். கல்லாறு தாண்டியதும் பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வண்டி மெல்ல மெல்ல ஏறுகிறது. குன்னூர் வருகிறது. சூடாக ஒரு டீ குடிக்கிறீர்கள். பிறகு ஊட்டி. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,350 அடி உயரம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "வயசாகிவிட்டது" என்று பயப்பட வேண்டாம். காற்று மெலிந்துவிட்டது, அவ்வளவுதான். சென்னைக் கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராண வாயுவில் சுமார் முக்கால் பங்குதான் ஊட்டியில் ஒரு மூச்சில் கிடைக்கும்.

உடம்பு சும்மா இருக்குமா? சிறுநீரகம் இதைக் கண்டுகொள்கிறது. ஒரு ரசாயனப் பொருளைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. அந்தச் செய்தி எலும்புக்குப் போகிறது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, "இன்னும் அதிக ஆட்கள் வேண்டும் போலிருக்கிறது" என்று சிவப்பு அணுக்களைக் கூடுதலாகச் செய்து அனுப்புகிறது. சில வாரம் மலையில் தங்கினால் மூச்சு வாங்குவது குறைந்துவிடும்.

சிறுநீரகம் எங்கே, எலும்பு எங்கே, ரத்தம் எங்கே! ஆனாலும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன.

இந்த வேலையெல்லாம் செய்வது யார்? 'செல்' என்னும் உயிரணு.

செல் என்றால் என்ன?

வீடு செங்கல்லால் ஆனது. உடம்பு செல்லால் ஆனது. ஆனால் செங்கல்லுக்கு உயிர் கிடையாது. செல்லுக்கு உயிர் உண்டு. அது உண்ணும், மூச்சு விடும், கழிவை வெளியே தள்ளும். ஒன்று இரண்டாகப் பிரியும். வயசாகிச் சாகும்.

உயிரணு என்றதும் அணுகுண்டு ஞாபகம் வரக் கூடாது. அந்த அணு வேறு, இந்த அணு வேறு. ஒரு செல்லுக்குள் அந்த அணுக்கள் கோடி கோடியாக இருக்கின்றன.

முதன்முதலில் செல்லுக்குப் பெயர் வைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக். 1665-ம் ஆண்டில் பாட்டில் மூடும் தக்கையை மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. 'செல்' என்றால் சிறு அறை. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவர் பார்த்தது காலி அறைகளைத்தான். தக்கையில் உயிர் போய் வெகு நாளாகியிருந்தது!

உயிருள்ள செல்லில் என்னென்ன இருக்கின்றன? இதைப் பார்க்க நீலகிரியில் அருமையான இடம் ஒன்று உண்டு. தேயிலைத் தொழிற்சாலை.

பறித்த கொழுந்து பச்சையாக இருக்கிறது. அதை வாட்டுகிறார்கள். பிறகு யந்திரத்தில் போட்டு நசுக்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை போய்ச் செம்பு நிறம் வந்துவிடுகிறது. டீ வாசனை எழும்புகிறது. யாரும் சாயம் கலக்கவில்லை. பிறகு எப்படி?

இலையின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி உறுதியான சுவர் இருக்கிறது. சுவரை ஒட்டி உள்பக்கம் மெல்லிய 'சவ்வு' இருக்கிறது. உள்ளே கூழ் போன்ற பொருள். அதற்குப் பெயர் 'சைட்டோபிளாசம்'. அந்தக் கூழில் பச்சை மணிகள் மிதக்கின்றன. வெயிலைப் பிடித்து உணவு சமைப்பவை அவைதான். நடுவே பெரிய தண்ணீர்ப் பை ஒன்று. டீயின் துவர்ப்புச் சத்து அந்தப் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை மாற்றக்கூடிய நொதி என்ற பொருள் பைக்கு வெளியே இருக்கிறது. இரண்டும் சந்திக்காதபடி சவ்வு காவல் காக்கிறது. யந்திரம் நசுக்கியதும் காவல் உடைகிறது. இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள பிராண வாயுவும் சேர்கிறது. நிறம் மாறுகிறது!

ஆக, நாம் தினமும் காலையில் குடிப்பது கோடிக்கணக்கான செல்களை உடைத்துச் செய்த பானம்.

மனிதனின் செல்லில் சுவர் கிடையாது. பச்சை மணியும் கிடையாது. சவ்வும் கூழும் உண்டு. அதோடு 'மைட்டோகாண்டிரியா' என்ற அடுப்புகள் உண்டு. உணவை எரித்துச் சக்தி தருபவை அவைதான். நடுவே 'உட்கரு' இருக்கிறது. அதில்தான் செல்லின் சட்டப் புத்தகம் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் புத்தகத்துக்கு 46 பாகம். 'குரோமோசோம்' என்பார்கள். 23 பாகம் தாய் கொடுத்தது. 23 பாகம் தகப்பன் கொடுத்தது. பாகத்தில் உள்ள ஒவ்வொரு உத்தரவும் ஒரு 'மரபணு'.

ஒரே வேலை செய்யும் செல்கள் ஒன்றுகூடினால் 'திசு'. திசுக்கள் சேர்ந்தால் 'உறுப்பு'. உறுப்புகள் சேர்ந்தால் 'மண்டலம்'. கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரலைப் பாருங்கள். மேலே தோல். இது மூடு திசு. கிள்ளுவதற்கு மடங்குகிறதே, அது தசைத் திசு. கொழுந்தா, முற்றலா என்று தொட்டதும் மூளைக்குச் சொல்வது நரம்புத் திசு. எல்லாவற்றையும் கட்டி நிறுத்தும் எலும்பும் குருத்தெலும்பும் இணைப்புத் திசு. ரத்தத்தையும் இணைப்புத் திசு என்றே புத்தகங்கள் சொல்கின்றன. எலும்புக்கும் ரத்தத்துக்கும் ஒரே குலம் என்றால் நம்ப முடிகிறதா?

சிவப்பு அணுவின் தியாகம்

ரத்தத்தில் மூன்று வகை ஆட்கள் உண்டு. வெள்ளை அணு, நோயை எதிர்க்கும் போலீஸ். தட்டணு, காயம் பட்டால் அடைப்பது. சிவப்பு அணு, பிராண வாயு சுமக்கும் கூலி.

சிவப்பு அணு மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 130 அணுக்களை வரிசையாக வைக்கலாம். இரண்டு பக்கமும் நடுவில் குழிந்த தட்டு மாதிரி இருக்கும். சுமை அதிகம் ஏற்ற வேண்டும் என்பதற்காகத் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டது! ஆகவே அதனால் பிரிந்து பெருக முடியாது. சுமார் 120 நாள் ஓடி ஓடி உழைத்துவிட்டு அழிகிறது. ஈடு செய்ய எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் 20 லட்சம் புதிய சிவப்பு அணுக்களைச் செய்கிறது.

அதற்குள் இருக்கும் சுமைக் கூடைதான் 'ஹீமோகுளோபின்'. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவதும் அதுதான். ஓர் அணுவில் சுமார் 27 கோடி கூடைகள் இருக்கின்றன.

ரத்தக் குழாய்கள் போகப் போகக் குறுகுகின்றன. கடைசியில் வரும் தந்துகி சில இடங்களில் சிவப்பு அணுவை விடவும் ஒடுக்கமானது. அணு என்ன செய்யும்? மடங்கி, வளைந்து, ஒருவாறு நுழைந்து போய்விடும். வெளியே வந்ததும் பழையபடி தட்டாகிவிடும். இந்த வளையும் குணம் போனால் ஆபத்து.

நீலகிரியின் பழங்குடி மக்கள் பலருக்கு அந்த ஆபத்துதான் வாய்த்தது.

1952-ல் கண்டது

தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொன்மைப் பழங்குடிகள் உண்டு. ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் இருளரும் குறும்பரும்.

ஹெர்மன் லேமன், ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்துக்குப் போனவர். இரண்டாவது உலகப் போரின்போது ராணுவ டாக்டராக இந்தியாவுக்கு வந்து ரத்த சோகையை ஆராய்ந்தவர். மேரி கட்புஷ், ரத்தப் பிரிவு ஆராய்ச்சியில் பேர் பெற்ற பெண்மணி. இவர்கள் இருவரும் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து, 1952-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள்.

மருத்துவ உலகம் வியந்தது. பிராண வாயு குறைந்ததும் சிலருடைய சிவப்பு அணு தட்டு வடிவத்தை விட்டு நீண்டு, வளைந்து, கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி ஆகிவிடுகிறது! பணியர், இருளர், குறும்பர் ஆகியோரில் இப்படிப்பட்ட ரத்தம் கொஞ்ச நஞ்சம் பேருக்கு இல்லை. கணிசமான பேருக்கு இருந்தது.

அதுவரை இது ஆப்பிரிக்க வம்சத்தாருக்கே உரிய வியாதி என்றுதான் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். 1910-ல் அமெரிக்காவில் சிகாகோ நகர டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக்தான் முதன்முதலாக இதைப் பற்றி எழுதினார். அவரிடம் வந்த நோயாளி, கிரெனடா தீவிலிருந்து பல் வைத்தியம் படிக்க வந்த கறுப்பு இளைஞர். அந்த அரிவாளை இந்தியாவில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே 1952-ல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் இது தென்பட்டது. பிறகு மத்தியப் பிரதேசம், மராட்டியம், குஜராத், ஒரிசா என்று வரிசையாகப் பல மாநிலங்களில் கண்டார்கள்.

வியாதி 1952-ல் பிறக்கவில்லை. எத்தனையோ தலைமுறையாக அந்தக் குடிசைகளில் குழந்தைகள் வலியில் துடித்தன. பேர்தான் 1952-ல் கிடைத்தது.

ஒரே ஓர் எழுத்துப் பிழை

அரிவாள் எங்கிருந்து வந்தது?

1949-ல் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும், கோளாறு ஹீமோகுளோபினில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். சில ஆண்டு கழித்து இங்கிலாந்தில் வெர்னான் இங்ரம், கோளாறு எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டினார்.

ஹீமோகுளோபின் நாலு சங்கிலிகளால் ஆனது. இரண்டு ஒரு வகை. இரண்டு வேறு வகை. அந்த இரண்டாம் வகைச் சங்கிலியில் 146 கண்ணிகள். ஆறாவது கண்ணி மட்டும் மாறியிருந்தது! மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் வந்த வினை. 'பால்' என்று எழுதுவதற்குப் பதில் 'பாழ்' என்று எழுதிய மாதிரி.

பிராண வாயுவை இறக்கிவைத்ததும், பிழையான ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீண்ட குச்சிகளாகின்றன. குச்சி அணுவைக் குத்தி நீட்டுகிறது. தட்டு அரிவாளாகிறது. அரிவாள் வளையாது. ஒடுக்கமான குழாயில் மாட்டிக்கொள்கிறது. பின்னால் வரும் அணுக்களும் நின்றுவிடுகின்றன. பர்லியாறு வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றால் என்ன ஆகும்? அதேதான்.

ரத்தம் போகாத இடத்தில் தாங்க முடியாத வலி வருகிறது. கை, கால், முதுகு, மார்பு. எலும்பையே பிளப்பது போல இருக்கும் என்பார்கள். அரிவாள் அணு 120 நாள் உழைக்காது. 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். அதனால் சோகை. கண் மஞ்சளாகும். மண்ணீரல் பாழாகி, தொற்று நோய் சுலபமாகத் தாக்கும். பிறந்து ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தெரியாது. கருவில் இருந்தபோது இருந்த வேறு வகை ஹீமோகுளோபின் அதுவரை காப்பாற்றும். பிறகு திடீரென்று பிஞ்சுக் கையும் காலும் வீங்கும்.

குளிர், காய்ச்சல், தண்ணீர் குடிக்காமை, அளவு மீறிய உழைப்பு, உயரமான இடம். இவையெல்லாம் வலியைக் கிளப்பிவிடும். நீலகிரித் தோட்ட வேலையில் இவற்றில் எதற்குக் குறைவு? வெளியில் பார்த்தால் ஊனம் எதுவும் தெரியாது. நேற்று வேலை செய்தவன் இன்று சுருண்டு படுத்திருப்பான். 'சோம்பேறி' என்று பெயர் வைப்பதற்கு முன் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்ப்பது நல்லது.

கொசு செய்த வேலை

இவ்வளவு பொல்லாத பிழை ஏன் அழியாமல் நிலைத்தது? இங்கேதான் கொசு வருகிறது.

கூடலூரும் அதை அடுத்த வயநாடும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர் போனவை. 1897-ல் ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் ஊட்டிக்கு வந்தார். சீகூர் மலைப்பாதையில் இறங்கி மலேரியாவை ஆராயப் போனார். கடைசியில் அவருக்கே மலேரியா வந்துவிட்டது! அதே ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902-ல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தக் கிருமி மனித உடம்பில் எங்கே குடியிருக்கிறது? சிவப்பு அணுவுக்குள்தான்.

தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழையான மரபணு வந்தால், அவருக்குப் பொதுவாக வியாதி வராது. அவர் 'சுமப்பவர்' மட்டுமே. அவருடைய அணுவில் மலேரியாக் கிருமி நுழைந்தால் அந்த அணு கெட்டு, மண்ணீரலில் சிக்கி, கிருமியோடு சேர்ந்து அழிகிறது. ஆகவே மலேரியா ஊரில் சுமப்பவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் அதிகம் செத்தார்கள். 1954-ல் ஆந்தனி ஆலிசன் ஆப்பிரிக்காவில் இதை எடுத்துக்காட்டினார். மலேரியாவிலிருந்து பேரனைக் காப்பாற்றிய அதே எழுத்து, கொள்ளுப்பேரனை வலியில் தள்ளியது.

கல்யாணத்துக்கு முன் ரத்தம் பார்க்கலாமா?

கணக்கு இதுதான். மாப்பிள்ளை, பெண் இருவருமே சுமப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிரசவத்திலும், குழந்தைக்கு வியாதி வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமப்பவராக மட்டும் பிறக்க நாலில் இரண்டு பங்கு. ஒன்றுமே இல்லாமல் பிறக்க நாலில் ஒரு பங்கு. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்குப் பயமில்லை" என்று நினைத்தால் தவறு. ஒவ்வொரு தடவையும் சீட்டைப் புதிதாகக் குலுக்க வேண்டும்.

ஒருவர் மட்டும் சுமப்பவராக இருந்து, மற்றவருக்குப் பிழை எதுவும் இல்லாவிட்டால் குழந்தைக்கு இந்த வியாதி வராது.

2023-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி மத்தியப் பிரதேசம் ஷாடோலில் பிரதமர் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2047-க்குள் இந்த வியாதியை ஒழிப்பது குறிக்கோள். ஏழு கோடிப் பேரின் ரத்தத்தைச் சோதிக்க ஏற்பாடு. தமிழ்நாடு உள்பட 17 மாநிலங்கள் இதில் அடக்கம். சோதித்தவருக்கு அட்டை உண்டு. ஜாதகம் பார்ப்பது போல, கல்யாணத்துக்கு முன் இரண்டு அட்டைகளையும் வைத்துப் பார்க்கலாம் என்பது யோசனை.

நல்ல யோசனைதான். ஆனால் சிக்கல் இருக்கிறது. பணியர் போன்ற சிறிய சமூகத்தில் உறவுக்குள்ளேயேதான் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். சுமப்பவரும் அதிகம். எல்லோரையும் தள்ளிவிட்டால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது? இன்னொன்று. நம் நாட்டில் எந்தக் குறை வந்தாலும் முதலில் பெண் தலையில்தானே விடிகிறது! 'சுமப்பவள்' என்று தெரிந்ததும் 'நோயாளிப் பெண்' என்று பேர் கட்டிவிடுவார்கள். சுமப்பவர் நோயாளி அல்ல. பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே உழைத்து வாழ்வார். அட்டை கொடுக்கிறவர்கள் இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால், அட்டை கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

மருந்து உண்டா?

உண்டு. தினமும் போலிக் அமிலம், தேவையான தடுப்பூசி, நிறையத் தண்ணீர், குளிருக்குக் கம்பளி. இவை எளிய காவல்கள். 'ஹைட்ராக்சியூரியா' என்ற மாத்திரை, கருவில் இருந்த பழைய ஹீமோகுளோபினை மறுபடி சுரக்கச் செய்கிறது. வலி வருவது குறைகிறது. டாக்டர் சொன்ன அளவில், இடையிடையே ரத்தம் சோதித்துத்தான் சாப்பிட வேண்டும். இந்தியாவில் பரவியுள்ள அரிவாள் வகையில் அந்தப் பழைய ஹீமோகுளோபின் இயற்கையாகவே சற்று அதிகம். ஆப்பிரிக்க வகையை விடக் கடுமை குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல.

மரபணுவையே வெட்டித் திருத்தும் சிகிச்சையும் வந்துவிட்டது. 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் அதன் விலை ஓர் ஆளுக்கு 20 லட்சம் டாலருக்கும் மேல்! பந்தலூர்க் குடிசைக்கு அது எப்போது வரும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அதுவரை கையில் இருப்பதைக் கொண்டு பார்க்கிறார்கள். கூடலூரில் ஆதிவாசிகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1990-ல் தொடங்கிய அஸ்வினி சங்கம் நடத்துவது. அங்கே நர்சுகளாகவும் சுகாதார ஊழியர்களாகவும் ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள். அரிவாள் அணு நோயாளிகளைக் கண்டுபிடித்து, தொடர்ந்து கவனிப்பது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. தன் பாஷை பேசும் பெண், "மாத்திரை போட்டாயா?" என்று கேட்டால் அதன் பலனே வேறு.

சோதனை சுலபம். விரலில் ஒரு குத்து. ஒரு துளி ரத்தம். மருந்து நீர் உள்ள கண்ணாடிக் குழாயில் அதை விட்டுச் சில நிமிஷம் காத்திருப்பார்கள். குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிப்பார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் அரிவாள் இல்லை. நீர் கலங்கி, கோடு மறைந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. சுமப்பவரா, நோயாளியா என்று இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு வேறு ரத்தச் சோதனை உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தக் குழாய்ச் சோதனையை நம்ப முடியாது. அந்த இரண்டாவது சோதனையைத்தான் நேரடியாகச் செய்ய வேண்டும்.